கிருஷ்ணைக் கரையில் ஒரு படியரங்கம்

அறிவு இரு வகைப்படும் என்று மதரசாவில் எங்கள் உஸ்தாத் அடிக்கடி கூறுவார்கள். கண்டு அறிந்தது ஒன்று. கேட்டு அறிந்தது மற்றொன்று. கேட்டு அறிந்ததை எடுத்துரைக்கும்போது, ‘இன்னாரிடம் கேட்டேன்’ என்னும் சொல்லை ஒருபோதும் விட்டுவிடலாகாது. விட்டுவிட்டால், பிறர் பொருளைத் தன் பொருள்போல் விற்றவனாகிவிடுவாய் என்பது அவர்களின் எச்சரிக்கை. ஹதீஸ் கலையின் முதற்பாடமே அதுதான். அந்தப் பாடத்தை ஓதிக் கொடுக்கும் ஆசிரியனாகவே என் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த நான், அதே பாடத்தில் தவறினேன். எப்படித் தவறினேன், எவ்வாறு திருத்திக் கொண்டேன் என்பதைக் கூறுவதே இக்கட்டுரை.

வட சென்னையில் மகாகவி பாரதி நகர் என்னும் முழுப்பெயரைச் சொல்வார் அரிது. அஞ்சல்காரர் முதல் பேருந்து நடத்துநர் வரை எல்லார்க்கும் அது எம்.கே.பி. நகர்தான். அங்கே மாலை வேளைகளில் என்னிடம் ஓத வரும் பிள்ளைகளுக்குக் குர்ஆன் பாடத்தோடு வரலாற்றுச் செய்திகளும் சொல்வது என் வழக்கம். ‘அர்ரூம்’ என்னும் முப்பதாவது அத்தியாயத்திற்கு வரும்போதெல்லாம் ரோமப் பேரரசின் கதையைத் தொடங்கிவிடுவேன். ரோமாபுரியின் கொலோசியத்தை வருணிப்பேன். பின்னர்ச் சற்றுப் பெருமிதத்தோடு, “அத்தகைய அரங்கம் ஒன்றை ரோமர்கள் நம் நாட்டிலும் கட்டியிருக்கிறார்கள், ஆந்திர நாட்டில், கிருஷ்ணா நதிக்கரையில், நாகார்ஜுனகொண்டாவில் இருக்கிறது” என்பேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே சொல்லி வந்தேன். எப்போதோ படித்த ஒரு கட்டுரையைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் என்னிடம் இல்லை.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், பைத்துல் முகத்தஸ் ஸியாரத்திற்காக ஜோர்தான் வழியாகச் சென்று திரும்பினார். அம்மான் நகரின் நடுவிலே மலைச்சரிவைக் குடைந்து ரோமர்கள் அமைத்த பெரிய அரங்கை அவர் கண்டாராம். “உடன் வந்தவர்களிடமும் அந்த ஊர் வழிகாட்டியிடமும், ‘இதுபோல் ரோமர் கட்டியது எங்கள் இந்தியாவிலும் உண்டு, எங்கள் ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார்’ என்று சொன்னேன்” என்றார் மகிழ்ச்சியோடு. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கல்லூரியில் வரலாறு படிக்கும் என் மகள் அன்றிரவு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “அத்தா, நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்களா?”

அக்கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அம்மானில் ஒருவர் ஒரு செய்தியைச் சொல்கிறார். அவருக்குச் சொன்னவன் நான். எனக்குச் சொன்னவர் யார்? அறிவிப்பாளர் வரிசை என்னோடு நின்றுவிடுகிறது. இத்தகைய அறிவிப்பைப் பிறர் கொண்டுவந்தால் நான் என்ன தீர்ப்பளிப்பேன் என்பது எனக்கே தெரியும். பள்ளி விடுமுறை தொடங்கியதும் மகளையும் அழைத்துக்கொண்டு சென்ட்ரலில் இரவு ரயில் ஏறினேன். குண்டூரில் இறங்கி, மாச்சர்லா வரை பேருந்திலும், அங்கிருந்து வேறொரு பேருந்திலுமாக நாகார்ஜுன சாகரை அடைந்தோம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

அரங்கைக் காணுமுன் அதன் பெயர்களை அறிந்துகொள்வது நலம். ரோமர்களின் பொழுதுபோக்குக் கட்டடங்களில் இரு பெருவகை உண்டு. நாடகமும் இசையும் நிகழ்த்துவதற்கு அரைவட்டமாகக் கட்டியது ஒன்று. அம்மானில் உள்ளது இவ்வகையே, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ 6,000 பேர் அமரலாம். சிரியாவின் புஸ்ராவில் உள்ளதும் இவ்வகையே. நடுவில் களமும், சுற்றிலும் முழு வளையமாகப் படியிருக்கைகளும் அமைந்த நீள்வட்டக் கட்டடம் மற்றொன்று. இதையே ‘ஆம்ஃபிதியேட்டர்’ என்றனர். ‘ஆம்ஃபி’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ‘இருபுறமும்’ என்பது பொருள். அதன் நடுக்களத்திற்கு ‘அரீனா’ என்று பெயர். இலத்தீன் மொழியில் அது மணலைக் குறிக்கும் சொல். சிந்தும் இரத்தத்தை உறிஞ்சுவதற்காகப் பரப்பிய மணல் அந்தக் களத்திற்கே பெயராயிற்று! இன்று உலகெங்கும் விளையாட்டுக் கூடங்களுக்கு இப்பெயரைச் சூட்டி மகிழ்கிறார்கள்.

அரபியிலே இவ்வகைக் கட்டடங்களை ‘முதர்ரஜ்’ என்பர். ‘தரஜா’ என்றால் படி. பதவி, தகுதி என்னும் பொருளும் அதற்கு உண்டு. ‘படிகளால் ஆனது’ என்பதே முதர்ரஜ் என்னும் சொல்லின் பொருள். இரத்தத்தையோ மணலையோ நினைவூட்டாமல், கண்ணுக்குத் தெரியும் படிகளைக் கொண்டே பெயரிட்டது அரபு மொழி. நானும் அதைப் பின்பற்றிப் ‘படியரங்கம்’ என்றே எழுதுகிறேன்.

ரோமாபுரியின் கொலோசியம் 188 மீட்டர் நீளமும் 156 மீட்டர் அகலமும் உடையது. கி.பி. 70ல் பைத்துல் முகத்தஸை அழித்த அதே டைட்டஸ், பேரரசனானபின் கி.பி. 80ல் அதைத் திறந்துவைத்தான். திறப்பு விழா 100 நாள் நடந்தது என்றும், ஆயிரக்கணக்கான விலங்குகள் அதிலே கொல்லப்பட்டன என்றும் ரோம வரலாற்றாசிரியர் எழுதிவைத்துள்ளனர். மனிதனை மனிதன் வெட்டிச் சாய்ப்பதை மக்கள் குடும்பத்தோடு அமர்ந்து கண்டு களித்தனர். துனீசியாவின் அல்ஜெம் என்னும் சிற்றூரில், மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய இத்தகைய அரங்கம் இன்றும் வானளாவி நிற்கிறது. 35,000 பேர் அமரத்தக்கது அது. இவையெல்லாம் நான் நூல்களில் படித்தவை என்பதை ஈண்டு மறவாமல் சொல்லிவிடுகிறேன்.

ஓர் ஆசிரியர் கண்டது

நாகார்ஜுனகொண்டா என்பது இன்றைய ஆந்திர மாநிலத்தின் பல்நாடு மாவட்டத்தில் கிருஷ்ணையின் வலக்கரையில் அமைந்த ஒரு குன்றின் பெயர். நல்லமலைத் தொடரின் கிளைகள் மூன்று புறமும் சூழ, நான்காம் புறம் நதி ஓட, நடுவே ஏறத்தாழ 23 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. சாதவாகனர்க்குப் பின், கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலும் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இக்ஷ்வாகு மரபினர் அதில் விஜயபுரி என்னும் தலைநகர் அமைத்து ஆண்டனர். சாந்தமூலன், வீரபுருஷதத்தன், எஹுவல சாந்தமூலன் முதலியோர் அம்மரபின் மன்னர்கள். மன்னர் வேத வேள்விகள் செய்தனர். அவர்தம் குடும்பத்துப் பெண்களோ பௌத்த விகாரங்களுக்கு வாரி வழங்கினர்.

அந்நகரம் அழிந்து காடாயிற்று. பதினாறு நூற்றாண்டுகள் சென்றபின், சூரபராஜு வெங்கடராமையா என்னும் பள்ளி ஆசிரியர் அங்கே பழந்தூண் ஒன்றைக் கண்டு அரசுக்குத் தெரிவித்தார். குண்டூர் மாவட்டம் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. 1926ல் சென்னைக் கல்வெட்டுத் துறையைச் சேர்ந்த ரங்கசாமி சரஸ்வதி நேரில் வந்து பார்வையிட்டார். 1927 முதல் 1931 வரை லாங்ஹர்ஸ்டும், 1938 முதல் 1940 வரை டி.என். ராமச்சந்திரனும் அகழ்ந்தனர். இந்த நீண்ட வரிசையின் தலைப்பில் இருப்பவர் ஓர் ஆசிரியர் என்று அறிந்தபோது எனக்குப் பெருமையும் நாணமும் ஒருங்கே உண்டாயின. அவர் கண்டதைச் சொன்னார். நான் காணாததைச் சொன்னேன்.

நாடு விடுதலை பெற்றபின் கிருஷ்ணைக்குக் குறுக்கே பேரணை கட்டுவதென முடிவாயிற்று. 1955 டிசம்பர் 10ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். பள்ளத்தாக்கு முழுவதும் நீரில் மூழ்கப் போகிறது! எனவே 1954 முதல் 1960 வரை ஆர். சுப்பிரமணியம் தலைமையில் தொல்லியல் துறையினர் காலத்தோடு போட்டியிட்டு நூற்றுக்கு மேற்பட்ட இடங்களை அகழ்ந்தனர். அப்போது வெளிப்பட்டவற்றுள் ஒன்றே நாம் காணவந்த படியரங்கம். முக்கியமான சில கட்டடங்களைப் பெயர்த்து, குன்றின் உச்சியிலும், அனுபு என்னும் கரையோர இடத்திலும் மறுபடியும் கட்டி வைத்தார்கள். 1967ல் அணையிலிருந்து பாசனக் கால்வாய்களுக்கு நீர் திறக்கப்பட்டது. குன்றின் உச்சி தீவாயிற்று. விஜயபுரி நீரின் அடியில் உறங்குகிறது.

அனுபுவில் ஒரு நண்பகல்

முதல்நாள் படகில் தீவிற்குச் சென்று அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். மறுநாள் அனுபுவிற்குப் புறப்பட்டோம். வெயில் கடுமையாக இருந்தது. இருமருங்கும் புதர்க்காடு, நதியின் பக்கமிருந்து மட்டும் சற்றே காற்று.

கண்ட முதற்கணத்திலேயே என் இருபதாண்டுச் செய்தி நிலைகுலைந்தது. கொலோசியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சென்றவனுக்கு எதிரே இருந்தது, ஒரு பள்ளிவாசலின் உள்முற்றத்தைவிடப் பெரிதென்று சொல்ல இயலாத ஒரு சிறு களம். அதுவும் நீள்வட்டமன்று; செவ்வையான நாற்கோணம். நான்கு புறமும் செங்கல்லால் எழுப்பிக் கற்பலகை பதித்த படிவரிசைகள். அதனருகே ஹாரீதி என்னும் தெய்வத்திற்குரிய கோயிலின் எச்சமும் உள்ளது. குழந்தைகளைக் காக்கும் தாயாகப் பௌத்தர் போற்றிய தெய்வம் அது.

“அத்தா, இது நம் ஊர்க் கோயில் தெப்பக்குளத்தில் தண்ணீர் இல்லாததுபோல் இருக்கிறதே!” என்றாள் மகள். சிறு பெண்ணின் வேடிக்கைச் சொல் என்று தள்ளிவிட முடியவில்லை. நாற்புறமும் படிகட்டி நடுவில் வெளிவிடும் கலை இந்நாட்டுக் கொத்தர்க்குப் புதிதன்று. விஜயபுரியிலேயே வேள்விக்குரிய படிக்கட்டுக் குளம் ஒன்றை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள்.

களத்தின் நடுவில் நின்று மெல்லப் பேசினாலும் மேற்படியில் இருப்பவர்க்குக் கேட்கும் என்று வருவோர்க்குச் சொல்கிறார்கள். சோதித்துப் பார்த்தோம். மகள் உச்சிப்படியில் நின்றாள். நான் நடுவில் நின்று தாழ்ந்த குரலில் பேசினேன். தெளிவாகக் கேட்டது என்றாள். ஆயினும் அவளே, “ஆனால் அத்தா, இது இங்கே மறுபடியும் கட்டியதுதானே? பழைய இடத்தில் மலையும் காற்றும் வேறாக இருந்திருக்கும். அங்கே எப்படிக் கேட்டது என்பதற்கு இது சான்றாகுமா?” என்று கேட்டாள். நான் ஆசிரியன்; அன்று மாணவனாயிருந்தேன்.

யவனர் வந்தனரா?

அப்படியாயின் ரோமர் தொடர்பு என்பது முழுக் கற்பனையா? அதுவும் அன்று. இந்தப் பள்ளத்தாக்கில் ரோமப் பொற்காசுகள் கிடைத்துள்ளன. அரண்மனைப் பகுதியின் தூண் ஒன்றில், கையில் கொம்புக் கிண்ணம் ஏந்திய தாடிக்காரரின் உருவம் உள்ளது. கிரேக்கரின் மதுத் தெய்வம் என அறிஞர் அதை அடையாளம் கண்டனர். வீரபுருஷதத்தனின் பதினான்காம் ஆட்சியாண்டில் போதிசிரி என்னும் பெண்மணி வெட்டுவித்த பிராகிருதக் கல்வெட்டு, இலங்கையைச் சார்ந்த பௌத்த ஆசாரியர்கள் சமயம் பரப்பிய நாடுகளை வரிசைப்படுத்துகிறது. காஷ்மீரம், காந்தாரம், சீனம், வங்கம், வனவாசி ஆகியவற்றோடு யவனமும் தமிழகமும் அவ்வரிசையில் வருகின்றன. கல் சிதைந்த இடங்களில் எழுத்தை இட்டு நிரப்பி அறிஞர் படித்தது அப்படி. யவன நாட்டின் பெயரும் தமிழ்நாட்டின் பெயரும் ஒரே கல்லில் அடுத்தடுத்து நிற்பது நமக்கு இனிக்கும் செய்திதான்.

எனவே சில ஆய்வாளர், படியரங்கம் என்னும் கருத்து யவனர் வழியே வந்திருக்கலாம் என்பர். மறுப்பாரும் உளர். என் சிற்றறிவிற்கு எட்டியவரை வழக்கின் இருபுறத்தையும் நிறுத்துப் பார்க்கிறேன். ரோம வாணிகம் செழித்தது கி.பி. முதல் நூற்றாண்டில், இக்ஷ்வாகுகள் ஆண்டது மூன்றாம் நூற்றாண்டில். ரோமரின் களம் நீள்வட்டம், இது நாற்கோணம். கொலோசியத்தின் களம் மட்டுமே 80 மீட்டருக்கு மேல் நீண்டது. இங்கே வேங்கையை அவிழ்த்துவிட்டால் முதற்படியில் இருப்பவர்தான் முதற்பலி! ரோமரின் கட்டடங்களில் பார்வையாளரைக் காக்க உயர்ந்த மதில் எழுப்பிப் பிறகே இருக்கைகளைத் தொடங்கினர்; இங்கே படிகள் களத்திலிருந்தே தொடங்குகின்றன. இசையோ கூத்தோ, சமய வாதமோ, கோயில் விழாவோ நிகழ்ந்திருக்கலாம். இரத்தம் சிந்திய இடமென்று கூற இக்கட்டடத்தில் ஒரு சான்றும் இல்லை. யவனரைக் கண்டும் கேட்டும் அறிந்த மக்கள் தங்கள் தேவைக்குத் தங்கள் கொத்தரைக் கொண்டு கட்டிக்கொண்டது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இத்தகைய மிகை கற்றோரிடமும் நிகழ்ந்ததுண்டு. 1944ல் சென்னை அருங்காட்சியகத்தில் ரோம மதுச்சாடி ஒன்றின் துண்டைக் கண்ட மார்ட்டிமர் வீலர், அந்தத் தடம் பற்றிப் புதுச்சேரிக்குச் சென்றார். 1945ல் அரிக்கமேட்டை அகழ்ந்து, இத்தாலிய மட்கலங்களைக் கண்டெடுத்தார். அதனை இந்திய ரோம வாணிக நிலையம் என்றார். உலகம் அதையே ‘ரோமர் குடியேற்றம்’ என்று பெரிதாக்கிக்கொண்டது. 1989 முதல் 1992 வரை மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லி, ரோமர் வருமுன்னரே அங்கே தமிழ் மக்களின் ஊர் இருந்ததென்றும், ரோம வாணிகம் தளர்ந்த பின்னரும் அது வாழ்ந்ததென்றும் காட்டினார். வந்தவர் வாணிகர், ஊர் நம்முடையது.

ஏன் இந்த ஆசை?

ஒரு செங்கற் கட்டடத்தை ரோமர் கட்டியது என்று சொல்வதில் நமக்கு ஏன் இத்தனை இன்பம்? நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி இது. தொலைதூரத்துப் பெயர் ஒன்றை ஒட்டினால்தான் நம் பொருளுக்கு விலை கூடும் என்ற எண்ணம் நம் நெஞ்சின் அடியில் கிடக்கிறது. நம் குடும்பங்களிலும் இது இல்லையா? எங்கள் முன்னோர் இன்ன நாட்டிலிருந்து கப்பலேறி வந்தனர் என்போம். எந்த ஏட்டில் இருக்கிறது என்று பேரப்பிள்ளை கேட்டால் சினந்துகொள்வோம். கரையில் வலை பின்னியவரும், தறி நெய்தவரும், தோல் பதனிட்டவருமாகிய நம் பாட்டன்மாரின் உழைப்பை மட்டும் வரலாறு என்று எண்ண மறுக்கிறோம். யவனர் என்னும் சொல்லே திரிந்து ‘சோனகர்’ ஆயிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர். கடல் கடந்து வந்தவர் உண்டு. அவர்களை மணந்து, அவர்களுக்குத் தமிழ் கற்பித்து, இந்த மண்ணில் வேரூன்றச் செய்த பெண்களும் உண்டு. ஒரு பாதியை மறைத்து மறு பாதியைப் பெருக்குவது வரலாறாகுமா?

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு கல்தூன், தம் ‘முகத்திமா’வில் இந்நோயைத் தெளிவாகக் காட்டியுள்ளார். முன்னோர் விட்டுச்சென்ற பெருங்கட்டடங்களைக் கண்டோர், அவற்றைக் கட்டியவர் மலைபோன்ற உடல் படைத்த அரக்கர் என நம்பினர். அவரோ கார்த்தேஜின் நீர்ப்பால வளைவுகளையும் எகிப்தின் பிரமிடுகளையும் எடுத்துக்காட்டி, கட்டியவர் நம்மைப் போன்ற மனிதரே. பலரின் கூட்டு உழைப்பும், பாரம் தூக்கும் பொறிகளும், அரசின் வலிமையுமே காரணம் என விளக்கினார். செய்தியைப் பெருக்கிச் சொல்வதில் மனிதனுக்கு உள்ள ஆசையை அவர் கடிந்துரைத்தார். அந்நூலைப் பாடமாகப் படித்தவன் நான்! படித்தும் தவறினேன்.

பூமியில் பயணம் செய்து முன் சென்றோரின் முடிவைக் காணுமாறு திருமறை பலமுறை தூண்டுகிறது. அதன் கருத்து, கண்டு வியப்பதன்று, கண்டு பணிவதே. அன்று ளுஹர் வேளையில், நீரோரம் ஒரு மரத்தடியில் பயணிகளுக்குரிய சுருக்கத் தொழுகையை நிறைவேற்றிவிட்டு அமர்ந்திருந்தோம். எதிரே கடல்போல் பரந்த நீர்த்தேக்கம். அதன் அடியில் அரசர் வேள்வி செய்த மேடையும், துறவியர் ஓதிய கூடமும், இந்தப் படியரங்கத்தின் உண்மையான இடமும் கிடக்கின்றன. நூற்றாண்டுகள் கழித்து அங்கே குடியேறி உழுது வாழ்ந்த ஊர்மக்களின் வீடுகளும் கிடக்கின்றன. பழங்கற்களுக்குப் புதிய இடம் கிடைத்தது; பெயர் தாங்கிய பலகையும் கிடைத்தது. எழுந்து சென்ற அந்தக் குடும்பங்களின் அடுப்புக்கல்லுக்குப் பலகை எழுதியவர் இல்லை. அணையால் இலட்சக்கணக்கான ஏக்கர் நிலம் விளைந்தது என்பதும் உண்மை. இழந்தவர் யார் என்பதை நினைப்பதும் கடமை.

திருத்தம்

ஊர் திரும்பியதும் பிள்ளைகளை அமரவைத்து உண்மையைச் சொன்னேன். “நான் சொல்லி வந்தது சரியன்று. அங்கே ஓர் அரங்கம் உண்டு. ரோமர் கட்டியது என்பதற்குச் சான்றில்லை. நானே பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்” என்றேன்.

சுட்டிப் பயல் ஒருவன் எழுந்தான். “அப்படியானால் இத்தனை நாள் சொன்னது பொய்யா, ஹஜ்ரத்?”

“பொய் சொல்ல நினைக்கவில்லை, தம்பி. சரிபார்க்காமல் சொல்லிவிட்டேன். கேட்டவனுக்கு இரண்டும் ஒன்றுதான்” என்றேன்.

அவன் சற்று யோசித்துவிட்டு, “அம்மானிலே போய்ச் சொன்ன அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா?” என்றான். சொல்லிவிட்டேன். ஆனால் இருபதாண்டுகளில் என்னிடம் ஓதியவர்கள் இன்று பற்பல ஊர்களிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்தம் பிள்ளைகளுக்கும் இச்செய்தியைச் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொருவரையும் தேடிச்சென்று திருத்த என்னால் இயலாது. அதனாலேயே குடும்பங்கள் கூடியிருந்து படிக்கும் இவ்விதழின் வாயிலாக எழுதுகிறேன். என் மாணவர் எவரேனும் இதைப் படித்தால், தம்மிடம் கேட்டவர்க்கும் இத்திருத்தத்தைச் சேர்ப்பிக்குமாறு வேண்டுகிறேன்.

1983ல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, 1996 முதல் ஸ்ரீசைலத்திலிருந்து கண்டலேறு வழியாகக் கிருஷ்ணை நீர் பூண்டிக்கு வந்து, புழல் ஏரியையும் அடைகிறது. நாகார்ஜுனகொண்டாவிற்கு மேற்கே தடுத்த அதே நதியின் நீர்தான் நம் வட சென்னைக் குழாய்களிலும் கலந்து வருகிறது. ஓதி முடித்த பிள்ளைகள் அந்தக் குழாயடியில் முண்டியடித்துக்கொண்டு நீர் குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைவு வரும். தண்ணீரை வடிகட்டிக் கொடுக்கிறோம். அவர்கள் காதில் ஊற்றும் செய்தியையும் அவ்வாறே வடிகட்டித்தான் கொடுக்க வேண்டும்.